மூங்கில் பனியன் வெயிலில் என்ன செய்கிறது?

கோடை நெருங்கும்போதெல்லாம் உறவினர்களும் பழைய நண்பர்களும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: மூங்கில் துணி பருத்தியை விடக் குளிர்ச்சியாமே, வாங்கலாமா? திருப்பூரில் பின்னல் துணிகளின் தரத்தைச் சோதித்துப் பார்ப்பது என் பிழைப்பு என்பதால் என்னைக் கேட்கிறார்கள். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் முடிக்க எனக்கு மனம் வருவதில்லை. அந்தத் துணி உலர்ந்திருக்கும்போது ஒரு விதமாகவும், உடல் லேசாகக் கசியும்போது இன்னொரு விதமாகவும், வியர்வையில் தொப்பலாக நனைந்த பின் முற்றிலும் வேறு விதமாகவும் நடந்துகொள்கிறது. முதல் இரண்டு நிலைகளில் அது பருத்தியை விடச் சற்று மேல். மூன்றாவது நிலையில் பருத்தியை விடக் கீழ். இந்த வேறுபாடுகளில் பெரும்பகுதிக்கு மூங்கில் என்ற தாவரம் பொறுப்பில்லை. இழை எவ்வளவு தண்ணீரைக் குடிக்கிறது என்பதும், நூலை எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருக்கிறார்கள் என்பதுமே பொறுப்பு. விளம்பரங்கள் முதலாவதைப் பாதி சொல்கின்றன. இரண்டாவதைச் சொல்வதே இல்லை.

மூங்கில் துணி என்று கடைகளில் விற்பனைக்கு வருவதில் ஏறக்குறைய அனைத்தும் விஸ்கோஸ் வகையைச் சேர்ந்தது. மூங்கிலைச் சீவல்களாக வெட்டி, வேகவைத்து, வெளுத்துக் கூழ்த் தாள்களாக்குகிறார்கள். அந்தத் தாள்கள் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறி, கார்பன் டைசல்பைடுடன் வினைபுரிந்து, மீண்டும் நீர்த்த காஸ்டிக் சோடாவில் கரைந்து, கெட்டியான செம்மஞ்சள் திரவமாகின்றன. அந்தத் திரவத்தை நுண்துளைகள் வழியே கந்தக அமிலத் தொட்டிக்குள் பாய்ச்சும்போது, தாவரங்களின் அடிப்படைப் பொருளான செல்லுலோஸ் இழையாக உறைந்து வெளிவருகிறது. கிராஸ், பெவன், பீடில் என்ற மூன்று ஆங்கிலேயர்கள் 1892இல் காப்புரிமை பெற்ற முறை இது. மற்ற ஆலைகளில் மரக்கூழ் போகிற வழியில் இங்கே மூங்கில் கூழ் போகிறது, அவ்வளவுதான். மூங்கில் தண்டு உள்ளே கூடாக இருப்பதால் அதன் இழையும் கூடாக இருக்கும், அதற்குள் காற்று நிற்கும் என்று சில விற்பனையாளர்கள் விளக்குவதைக் கேட்டிருக்கிறேன். கரைந்து திரவமாகிவிட்ட பொருளுக்குத் தண்டின் வடிவம் எங்கே நினைவிருக்கப் போகிறது? நுண்ணோக்கியில் அந்த இழையின் குறுக்குவெட்டு ஓரம் பற்கள் போல் மேடு பள்ளமாகத் தெரிவது உண்மை. அமிலத் தொட்டியில் இழையின் மேல்தோல் முதலில் இறுகிவிட, உட்பகுதி அதற்குப் பிறகு சுருங்குவதால் அந்தப் பள்ளங்கள் உண்டாகின்றன. யூகலிப்டஸ் மரக்கூழில் செய்த சாதாரண விஸ்கோஸிலும் அவை அப்படியே இருக்கின்றன.

இந்தப் பெயர் விவகாரத்தில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009 முதல் கண்டிப்புடன் இருந்து வருகிறது. இத்தகைய துணியை வெறுமனே மூங்கில் என்று விற்கக் கூடாது, மூங்கிலிலிருந்து செய்த ரேயான் அல்லது விஸ்கோஸ் என்றே குறிக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. 2022இல் இரண்டு பெரும் சில்லறை நிறுவனங்கள் இதற்காக 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. கோவை வட்டாரத்துக்காரர்களுக்கு இந்த வேதியியல் புதிதன்று. சிறுமுகையில் பவானிக் கரையில் நீலகிரி மரங்களைக் கூழாக்கி இதே விஸ்கோஸ் இழையை உற்பத்தி செய்த ஆலை, ஆற்று நீரை மாசுபடுத்தியதாக நீண்ட எதிர்ப்பைச் சந்தித்துக் கடைசியில் மூடப்பட்டது. ஆகையால் 'இயற்கை' என்ற சொல்லை இந்தத் துணியின் பெட்டியில் பார்க்கும்போது எனக்கு லேசான எரிச்சல் வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. அதே சமயம், விஸ்கோஸ் என்பதால் இதைத் தாழ்ந்த துணி என்று ஒதுக்கவும் மாட்டேன். உடுத்துபவரின் தோலுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே இது செய்யும் வேலை தனியாக ஆராயத் தக்கது.

வெப்பத்திலிருந்து தொடங்குகிறேன். முப்பதாம் நம்பர் நூலில் (நம்பர் கூடினால் நூல் மெலியும்) பின்னிய சிங்கிள் ஜெர்சித் துணி, அதாவது சாதாரண டி-சர்ட்டில் வரும் ஒற்றை அடுக்குப் பின்னல், ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 150 கிராம் எடை, தடிமன் அரை மில்லிமீட்டர். அந்த ஒரு சதுர மீட்டர் துணி மொத்தம் 500 கன சென்டிமீட்டர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் செல்லுலோஸ் இழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம் என்பதால், 150 கிராம் இழை உண்மையில் பிடிக்கும் இடம் 100 கன சென்டிமீட்டர்தான். மீதி ஐந்தில் நான்கு பங்கும் காற்று. நாம் துணி என்று கையில் பிடிப்பது பெரும்பாலும் காற்றைத்தான். அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் சோம்பேறி. அதன் வெப்பக் கடத்துத்திறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு 0.025 வாட் அளவே. தண்ணீருக்கு அது 0.6, அதாவது காற்றைப் போல் 24 மடங்கு. துணி உலர்ந்திருக்கும்வரை இழை பருத்தியா மூங்கிலா என்பது வெப்பக் கடத்தலில் பெரிய மாற்றத்தை உண்டாக்காததற்கும், நனைந்தவுடன் எல்லாமே மாறிவிடுவதற்கும் இந்த இரண்டு எண்களே காரணம்.

டெல்லி ஐ.ஐ.டி. ஜவுளித் துறை ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை முறையாக அளந்து பார்த்தது. முழுப் பருத்தி, பாதிக்குப் பாதி கலவை, முழு மூங்கில் விஸ்கோஸ் என மூன்று வகை நூல்களைப் பல நம்பர்களில் எடுத்து, ஒவ்வொன்றையும் சிங்கிள் ஜெர்சி, வரிவரியாக இழுபடும் ரிப், இருபுறமும் ஒன்றுபோல் தெரியும் இரட்டைப் பின்னலான இன்டர்லாக் என்ற மூன்று பின்னல்களில் துணியாக்கினார்கள். மூங்கில் இழையின் பங்கு கூடக்கூட, துணியின் வெப்பக் கடத்துத்திறன் பொதுவாகக் குறைந்தது. காற்று ஊடுருவலும் நீராவி ஊடுருவலும் கூடின. பின்னல்களுக்கு இடையே பார்த்தால், தடித்த இன்டர்லாக்தான் வெப்பத்தை அதிகம் தடுத்தது. அதற்கடுத்து ரிப், கடைசியில் சிங்கிள் ஜெர்சி. கடத்துத்திறன் குறைவு என்றால் வெப்பம் குறைவாக வெளியேறும், பிறகு எப்படிக் குளிர்ச்சி என்று வாசகர் கேட்கலாம், நியாயமான கேள்விதான். சட்டையைக் கையில் தொட்டவுடன் உணரும் குளிர்ச்சி வேறு, அணிந்திருக்கும்போது உடல் வெப்பம் வெளியேறுவது வேறு என்பதே விடை.

தொட்டவுடன் வரும் குளிர்ச்சியை அளக்கத் தனிக் கருவிகளே இருக்கின்றன. செக் நாட்டின் லிபெரெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லுபோஷ் ஹெஸ் உருவாக்கிய அலம்பெட்டா அவற்றுள் ஒன்று. சூடான ஒரு தகட்டைத் துணியின் மேல் வைத்த முதல் சில நொடிகளில் தகட்டிலிருந்து துணிக்குள் எவ்வளவு வெப்பம் பாய்கிறது என்பதை அது அளக்கிறது. அந்தப் பாய்ச்சல் கடத்துத்திறன், அடர்த்தி, வெப்ப ஏற்புத்திறன் ஆகிய மூன்றையும் பொறுத்தது. எல்லாவற்றுக்கும் முன்பாக, தோலும் துணியும் எத்தனை புள்ளிகளில் உண்மையாகவே ஒட்டுகின்றன என்பதைப் பொறுத்தது. பருத்தி இழை முறுக்கிய நாடா வடிவில் இருக்கும். அதன் நூலிலிருந்து பிசிறுகள் எழும்பி நின்று, தோலைத் துணியின் உடலிலிருந்து சற்றுத் தள்ளியே வைத்திருக்கும். விஸ்கோஸ் நூல் வழவழப்பானது, பிசிறு குறைவு, உள்ளே ஈரமும் சற்று அதிகம். ஆகையால் கை பட்டவுடன் வெப்பத்தை இழுக்கிறது. கடையில் மூங்கில் பனியனைத் தடவிப் பார்ப்பவர் வியந்து வாங்குவது இந்தச் சில நொடி உணர்வுக்காகத்தான். துணி தோலின் வெப்பநிலையை எட்டியதும் அந்த உணர்வு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நாள் முழுவதும் நடப்பதை அது முன்கூட்டிச் சொல்வதில்லை. பெட்டியில் 'மூன்று டிகிரி குளிர்ச்சி' என்று அச்சிட்டிருந்தால், எந்த வெப்பநிலையில், எந்த ஈரப்பதத்தில், எத்தனை நிமிடத்துக்குப் பிறகு, எதோடு ஒப்பிட்டு என்று கேட்காமல் அதற்குப் பொருள் இல்லை.

காற்று ஊடுருவலில்தான் பின்னல் தன் முழு ஆட்சியையும் காட்டுகிறது. நெய்த துணியில் பாவும் ஊடையும் நேராகக் குறுக்கிடுகின்றன. பின்னல் துணியிலோ ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணியாகி, அடுத்த வரிசைக் கண்ணிக்குள் நுழைகிறது. அந்தக் கண்ணிகளின் நடுவே இருக்கும் இடைவெளிகள்தான் காற்றின் வாசல்கள். ஒரு கண்ணிக்கு எத்தனை மில்லிமீட்டர் நூல் கொடுக்கிறோம் என்பதைத் திருப்பூரில் லூப் லெங்த் என்பார்கள். முப்பதாம் நம்பர் நூலுக்கு 2.7 அல்லது 2.8 மில்லிமீட்டர் வைத்தால் நடுத்தரமான ஜெர்சி கிடைக்கும். அதைக் கால் மில்லிமீட்டர் கூட்டினால் துணி தளர்ந்து, எடை குறைந்து, காற்று தாராளமாகப் போகும், குறைத்தால் இறுகிவிடும். பின்னல் இயந்திரங்களைச் சரிசெய்து ஓட்டும், எனக்குத் தெரிந்த நிட்டிங் ஃபிட்டர் ஒருவர், "லூப்பை மட்டும் சொல்லுங்க சார், துணி எப்படி வரும்னு நான் சொல்லிடறேனுங்க, நூலு எதுங்கறதெல்லாம் அப்புறம்" என்பார். சோதனைக்கூடத்தில் 20 சதுர சென்டிமீட்டர் துணியை இறுக்கிப் பிடித்து, 100 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் காற்றைச் செலுத்தி அளக்கும்போது அவர் சொல்வதே மெய்ப்படுகிறது. ஒரே லூப் லெங்த்தில் பருத்தியையும் மூங்கிலையும் பின்னினால் மூங்கில் துணி ஓரளவு அதிகக் காற்றை விடுகிறது. அதற்கும் விளக்கம் எளிது: அதே நம்பர் விஸ்கோஸ் நூல் பிசிறின்றி நெருங்கி அமைவதால் சற்று மெலிந்து இருக்கிறது, இடைவெளிகளை அடைப்பதற்குப் பிசிறும் இல்லை. ஆனால் தளர்வாகப் பின்னிய பருத்தி, நெருக்கிப் பின்னிய மூங்கிலை எளிதாக வென்றுவிடும்.

சந்தையில் இருக்கும் மூங்கில் உள்ளாடைகளில் பெரும்பாலானவற்றில் ஐந்து விழுக்காடு போல லைக்ரா என்ற இழுபட்டு மீளும் செயற்கை இழை சேர்ந்திருக்கிறது. விஸ்கோஸ் ஜெர்சி தானாக மீண்டு பழைய வடிவத்துக்குத் திரும்பாது. முழங்கையிலும் கழுத்திலும் தொங்கிவிடும். அதைத் தடுக்க லைக்ரா தேவைதான். ஆனால் லைக்ரா ஒவ்வொரு கண்ணியையும் பக்கத்துக் கண்ணியின் மேல் இழுத்து நெருக்குகிறது. லைக்ரா இல்லாமல் சதுர மீட்டருக்கு 140 கிராமில் நிற்கக்கூடிய துணி, லைக்ராவோடு 180ஐத் தாண்டி 200ஐயும் எட்டும். எடை கூடுகிறது, தடிமன் கூடுகிறது, வாசல்கள் சுருங்குகின்றன. போதாக்குறைக்கு ஆடை உடலோடு ஒட்டியும் நிற்கிறது. உடலுக்கும் துணிக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், நடக்கும்போது அந்த இடத்துக் காற்று துருத்தியில் போல உள்ளே வெளியே போய்வரும். வெயில் நாட்டு உடைகள் எல்லாம் தொளதொளவென்று இருப்பது இதற்காகத்தான். ஒட்டிய பனியனில் இந்தக் காற்றோட்டம் கிடையாது. மூங்கில் இழை தருவதாகச் சொல்லப்படும் ஆதாயம் முழுவதையும் லைக்ராவும் இறுக்கமான தையலும் சேர்ந்து விழுங்கிவிடக் கூடும் என்பதே என் கணிப்பு.

இனி ஈரம். இதுதான் இந்தத் துணியின் உண்மையான பலமும் பலவீனமும். சோதனைக்கூடத்தின் நிலையான சூழலில், அதாவது 65 விழுக்காடு ஈரப்பதத்தில், பருத்தி தன் உலர் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு நீரைக் காற்றிலிருந்தே ஈர்த்து வைத்துக்கொள்கிறது. விஸ்கோஸ் 13 விழுக்காடு வரை ஈர்க்கிறது. பாலியெஸ்டருக்கு இது 0.4 மட்டுமே. 150 கிராம் எடையுள்ள ஒரு டி-சர்ட் என்று வைத்துக்கொண்டால், யாரும் அணியாமல் அலமாரியில் கிடக்கும்போதே மூங்கில் சட்டைக்குள் இருபது கிராம் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. பருத்திச் சட்டைக்குள் 12 கிராம். பாலியெஸ்டரில் ஒரு கிராம்கூட இல்லை. பருத்தியும் விஸ்கோஸும் செல்லுலோஸ்தான் என்றபோதும் இந்த வேறுபாடு வருவதற்குக் காரணம் உள்ளமைப்பு. பருத்தியில் செல்லுலோஸ் சங்கிலிகளின் பெரும்பகுதி ஒழுங்காக அடுக்கப்பட்ட படிக நிலையில் இருக்கிறது. அந்த அடுக்குக்குள் தண்ணீர் நுழைய இடமில்லை. கரைத்து மீண்டும் உறைய வைத்த விஸ்கோஸில் படிகப் பகுதி பருத்தியில் உள்ளதில் பாதியளவுதான். மீதியெல்லாம் ஒழுங்கற்றுக் கிடப்பதால் நீர் மூலக்கூறுகள் தாராளமாகப் புகுந்து ஒட்டிக்கொள்கின்றன.

உடல் வியர்வையைத் துளியாக வெளியிடுவதற்கு முன்பே தோலிலிருந்து நீராவி ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அந்த ஆவியை இழைகள் உடனே வாங்கிக்கொள்வதால் தோலை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் மெதுவாகவே ஏறுகிறது. பிசுபிசுப்பு தாமதமாக வருகிறது. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும், இரவில் மின்விசிறிக்குக் கீழே உறங்குபவருக்கும், தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் மூங்கில் பின்னல் இதமாக இருப்பது இதனால்தான், இதில் மிகையில்லை. ஆனால் இந்த வாங்குதலுக்கு ஒரு விலை உண்டு. நீராவி இழைக்குள் ஒட்டும்போது, ஆவி நீராகக் குளிர்வதால் வெளிப்படும் வெப்பத்துக்குக் குறையாத வெப்பம் வெளிப்படுகிறது. குளிரூட்டிய அறையின் உலர்ந்த காற்றிலிருந்து சென்னைத் தெருவின் ஈரக் காற்றுக்கு வெளியே வருகிறவரின் மூங்கில் சட்டை, தோராயமாகப் பத்து கிராம் நீராவியை உள்ளிழுக்கும் என்று கொண்டால், ஏறத்தாழ 24 கிலோஜூல் வெப்பம் அந்தச் சட்டைக்குள் பிறக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் நான்கு நிமிடத்தில் உண்டாக்கும் வெப்பம் அது. மறுபடி அறைக்குள் நுழைந்தால் கணக்கு தலைகீழாகிறது: சட்டை ஈரத்தை விடுகிறது, உடல் சில்லென்று நடுங்குகிறது. வெப்பத்தைச் 'சமன் செய்யும் துணி' என்று விளம்பரங்கள் சொல்வதன் அடியில் இருக்கும் அறிவியல் இவ்வளவுதான். இது தற்காலிகமான தாங்கல். இழை நிறைந்ததும் நின்றுவிடும்.

வியர்வை துளியாகப் பெருகத் தொடங்கியதும் ஆட்டம் மாறுகிறது. கடும் வெயிலில் உழைப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது அரிதன்று. அது முழுவதும் ஆவியானால் உடலிலிருந்து 650 வாட்டுக்கும் மேல் வெப்பம் வெளியேறும். தரையில் சொட்டிப் போகும் வியர்வையால் பயன் ஏதும் இல்லை. துணியின் கடமை அந்த நீரை வாங்கி, பரப்பி, விரைவில் காற்றுக்குக் கொடுப்பது. வாங்குவதில் மூங்கிலுக்கு நிகரில்லை. பரப்புவதில் நடுத்தரம், ஏனெனில் நீர் இழைகளுக்கு இடையிலுள்ள நுண்வழிகளில் ஏறிப் பரவ வேண்டும், விஸ்கோஸோ நீரைத் தன் உடலுக்குள்ளேயே இழுத்து வீங்கிவிடுகிறது. கொடுப்பதில் அது தோற்கிறது. நனைத்துச் சுழற்றிப் பிழிந்த பிறகும் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ பாதியளவு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. விஸ்கோஸ் தன் எடைக்கு நிகரான நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. உலர வேண்டிய நீர் இரண்டு மடங்கு என்றால் நேரமும் அந்த அளவுக்கு நீளும்.

வீக்கத்தின் விளைவு இதைவிடக் கடுமையானது. நனைந்த விஸ்கோஸ் இழையின் விட்டம் கால் பங்கிலிருந்து பாதி வரை பெருக்கிறது. பருத்தியும் பெருக்கிறது, ஆனால் அந்த உச்சத்துக்குப் போவதில்லை. நூல் பருத்தால் கண்ணியின் இடைவெளி குறுகும், குறுகிய இடைவெளியில் நீரே படலமாக நின்றுகொள்ளும். உலர்ந்த நிலையில் காற்று ஊடுருவல் கருவியில் முந்தி நின்ற துணி, நனைந்ததும் பின்தங்கிவிடுகிறது. துணிக்குள் இருந்த ஐந்தில் நான்கு பங்கு காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்ள, கனத்த துணி முதுகில் ஒட்டித் தொங்குகிறது. அப்போதும் வெப்பம் வெளியேறுகிறதுதான், ஏனென்றால் நீர் நன்றாகக் கடத்தும். ஆனால் வெளிக்காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தை விட அதிகமாக இருக்கும் கத்திரி வெயிலில் அந்தக் கடத்தல் எதிர்த் திசையில்தான் வேலை செய்யும். ஈரம் நிறைந்த விஸ்கோஸ் தன் உலர் வலிமையில் பாதியை இழந்துவிடுவதும் இதோடு சேர்த்து எண்ண வேண்டியது. பருத்தி நனைந்தால் வலுப்பெறும்.

ஒரே சட்டையைப் பற்றித் திருப்பூர்க்காரரும் சென்னைக்காரரும் எதிரெதிராகப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இருவர் சொல்வதும் சரி. ஈரமான தோல் 35 டிகிரியில் இருந்தால் அதன் மேற்பரப்பில் நீராவி அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல். ஏப்ரல் பிற்பகலில் கொங்கு நாட்டில் வெப்பம் 37 டிகிரி, ஈரப்பதம் 30 விழுக்காடு என்று கொண்டால், காற்றின் நீராவி அழுத்தம் 1.9 அளவில் இருக்கும். வியர்வையை வெளியே தள்ளும் வேறுபாடு 3.7 கிலோபாஸ்கல். சென்னையில் கடற்காற்று வீசத் தொடங்கிய மாலையில் வெப்பம் 32 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 75 விழுக்காடு. காற்றின் நீராவி அழுத்தம் 3.6க்கு ஏறிவிடுகிறது, தள்ளும் வேறுபாடு இரண்டாகச் சுருங்குகிறது. வெப்பமானி குறைவாகக் காட்டும் ஊரில் அதே பனியன் ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் உலரும். துணிகளின் ஆவித் தடையை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 11092 சோதனையில் வியர்க்கும் தோலுக்குப் பதிலான ஈரத் தகடும் காற்றும் 35 டிகிரியிலும், ஈரப்பதம் 40 விழுக்காட்டிலும், காற்று நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்திலும் இருக்கும். அங்கே தள்ளும் வேறுபாடு 3.4 வரை வருகிறது. அந்தச் சான்றிதழைக் காட்டி விற்கப்படும் துணி, நெரிசலான மின்சார ரயில் பெட்டிக்குள் அதே மதிப்பெண் வாங்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

பின்னலுக்கும் இழைக்கும் அப்பால் துணியின் குணத்தை மாற்றும் இன்னொரு கை இருக்கிறது. அது சாயப்பட்டறைக்குப் பிறகு வரும் மெருகு. பட்டுப் போன்ற வழுக்கல் வேண்டும் என்பதற்காகக் கடைசிக் குளியலில் சிலிக்கான் மென்மையூட்டி சேர்க்கிறார்கள். அதில் நீரை வெறுக்கும் வகையும் உண்டு, நீரை ஏற்கும் வகையும் உண்டு. முதல் வகையைத் தாராளமாகப் போட்டுவிட்டால், உலகிலேயே தாகம் மிகுந்த இழையும் நீர்த்துளியைத் தன் மேல் உருண்டோட விடும். இதைக் கண்டறியக் கருவி வேண்டியதில்லை. துணியைச் சுருக்கமின்றிப் பிடித்து ஒரு துளி நீரை விட்டுப் பார்த்தால் போதும். ஓரிரு நொடியில் துளி பரவி மறைந்தால் நல்லது. அரை நிமிடம் முத்தாக நின்றால், அந்தச் சட்டை முதல் சில சலவைகள் வரை வியர்வையைத் தோலிலேயே விட்டுவைக்கும். வீட்டில் கடைசி அலசலில் வாசனை மென்மையூட்டி ஊற்றுகிறவர்களும் இதே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

ஓட்டப்பந்தயம், உடற்பயிற்சி போன்றவற்றுக்கு மூங்கில் மட்டும் போதாது என்பதைத் தொழிலும் அறிந்துதான் இருக்கிறது. பிளேட்டிங் என்ற முறையில் இரண்டு நூல்களை ஒரே கண்ணியில் முன்னும் பின்னுமாக நிறுத்திப் பின்னுகிறார்கள். தோல் பக்கம் நீரைக் குடிக்காத நுண்ணிழைப் பாலியெஸ்டர், வெளிப்பக்கம் மூங்கில் விஸ்கோஸ். வியர்வை உள்நூலின் இடைவெளிகள் வழியே ஏறி, தாகம் மிகுந்த வெளிநூலால் இழுக்கப்பட்டு, வெளியே அகலப் பரவி ஆவியாகிறது. தோல் பக்கம் ஓரளவு உலர்ந்தே இருக்கும். மூங்கிலின் நீர் வேட்கையைச் சரியான இடத்தில் பயன்படுத்தும் அமைப்பு இது என்பதால் எனக்குப் பிடித்தமானது. கலப்படம் என்று முகம் சுளிக்க ஒன்றுமில்லை. வீட்டுக்கும் உறக்கத்துக்கும் வாங்குவதென்றால் லைக்ரா இல்லாத, 140 கிராமுக்கு மேற்படாத சிங்கிள் ஜெர்சியை ஒரு அளவு பெரிதாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். பாதிப் பருத்தி கலந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. உலரும் நேரமும் குறையும், நனைந்த வலிமையும் கிடைக்கும். இன்டர்லாக்கில் பின்னிய மூங்கில் தடித்து மிருதுவாக இருக்கும், மார்கழி இரவுக்குப் பொருந்தும், சித்திரைக்குப் பொருந்தாது.

துவைத்து உலர்த்தும் விதமும் கண்ணிகளை மாற்றும். நனைந்த மூங்கில் சட்டை தன் எடைக்கு நிகரான நீரைச் சுமந்துகொண்டு, வலிமையில் பாதியை இழந்த நிலையில் கொடியில் தொங்குகிறது. தோள்பட்டையில் மாட்டிவிட்டால் கண்ணிகள் நீளவாக்கில் இழுபட்டு, அகலவாக்கில் ஒடுங்கி, அந்த வடிவத்திலேயே உலர்ந்துவிடும். சட்டையின் நீளம் கூடும், உடலைச் சுற்றிய தளர்வு குறையும். கொடியின் மேல் பாதியாக மடித்துப் போடுவதும், முடிந்தால் கட்டிலில் பரப்பி நிழலில் உலர்த்துவதும் பின்னலை அதன் பழைய அமைப்பில் வைத்திருக்கும். சூடான நீரில் ஊறவைத்தால் நேர்மாறாகச் சுருங்கி, சதுர மீட்டர் எடை ஏறி, வாங்கும்போது காற்றைத் தாராளமாக விட்ட சட்டை சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். எங்கள் கூடத்தில் துணியின் எடையையும் காற்று ஊடுருவலையும் துவைப்பதற்கு முன் ஒரு முறையும், ஐந்து சலவைக்குப் பின் ஒரு முறையும் அளக்கிறோம். இரண்டாவது எண்ணைத்தான் நான் நம்புகிறேன்.